மூடியதாக எழுதிய வால்வு

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.20. தெருமுனையில் உள்ள குழிக்குள் ஒன்றரை முழ நீளமுள்ள இரும்புச் சாவியை இறக்கி, நல்ல தண்ணீர் வால்வைத் திறந்தேன். அருகிலுள்ள மின்கம்பத்தில் ஒரு நோட்டு தொங்கும். அதில் 'திறந்தது 4.20, மூடியது 5.00' என்று இரண்டையும் அப்போதே எழுதிவிட்டேன். நாற்பது நிமிடம் என்பது விதி. விதியை மீறுகிறவள் நான் அல்ல என்பதால், நடக்கப்போவதை நடந்ததாக எழுதுவதில் எனக்குத் தயக்கமே ஏற்படவில்லை.

எங்கள் குடியிருப்பு கருமத்தம்பட்டியைத் தாண்டி இருக்கிறது. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள். முதல் வீட்டில் சங்கச் செயலாளர்; விசைத்தறிக்கூடம் வைத்திருக்கிறார். எதிரே, கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து வந்து வீடு வாங்கிய முஸ்லிம் குடும்பம், டவுனில் துணிக்கடை. எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒடிசாவைச் சேர்ந்த கணவனும் மனைவியும், யுகேஜி படிக்கும் மகளும். தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் அவர்கள் மட்டுமே. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் தட்டுகள் எல்லா வீடுகளுக்கும் போகும். சாவி மட்டும் போகாது. உப்புத் தண்ணீர் தினமும் வரும். நல்ல தண்ணீரோ ஒன்பது நாளுக்கு ஒருமுறைதான். ஆகவே அந்தச் சாவி, ஒன்பது நாளுக்கு ஒரு வீடு என்று சொந்த வீட்டுக்காரர்களிடையே மட்டும் சுற்றிவந்தது. ஜூலைக் கூட்டத்தில் எதிர்வீட்டுத் துணிக்கடை அக்கா வாதாடியதால்தான் வாடகை வீடும் முறையில் சேர்ந்தது. அந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவர்களுடைய முதல் முறை தொடங்க இருந்தது.

அப்பாவும் அம்மாவும் வெள்ளகோவிலில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். நான் மாடிக்குப் போய், மறுநாள் வகுப்பில் வாசிக்க வேண்டிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஆறாக ஐந்து நிமிடம். கீழே இறங்கினேன். சாவி குழியிலேயே நின்றிருந்தது. மூடினேனா என்று ஒரு கணம் தோன்றியது. நோட்டைப் பார்த்தேன். 5.00 என்று என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. சாவியை உருவிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

ஏழு மணிக்குப் பின்தெருக்களிலிருந்து கூச்சல் எழுந்தது. குடியிருப்பு முழுவதற்குமான மேல்நிலைத் தொட்டி காலி. எங்கள் தெருத் தொட்டிகள் நிரம்பி வழிந்து, நல்ல தண்ணீர் முழுதும் வீடுகளுக்குப் பின்னாலிருக்கும் சாக்கடையில் போயிருந்தது. ஏழரைக்கு வால்வுக் குழியைச் சுற்றி முப்பது பேர் நின்றோம்.

"சாவி யாருகிட்ட இருக்குதுங்க?" என்றார் செயலாளர்.

அடுத்த வீட்டு அக்கா சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாய்க்கா பாசனம்னு நெனச்சு திருப்பி உட்டுட்டாங்களாட்ட இருக்குது" என்றார் பின்தெருக்காரர் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

"நான் தொடலீங்க" என்றார் அக்கா. தமிழ் அவருக்கு இன்னும் தடுமாறும். இந்த இரண்டு சொற்கள் மட்டும் எங்கள் ஊர்க்காரர் சொல்வது போலவே வந்தன.

துணிக்கடை அக்கா குறுக்கே வந்தார். "ஏனுங்க, அஞ்சரைக்கு நான் பின்னாடி துணி எடுக்கப் போனேன். அப்பவே சாக்கடையில தண்ணி போயிட்டிருந்துச்சு. இவங்க கைக்குச் சாவி வந்ததே ஆறு மணிக்குத்தானே?"

"அது யாரு ஊட்டுத் துணி அலசுன தண்ணியோ, அம்மணி. இங்க பாருங்க, அஞ்சு மணிக்கு மூடுனதுன்னு எழுத்துல இருக்குது." செயலாளர் நோட்டை உயர்த்திக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ எழுதுனது சரிதானே கண்ணு?"

அந்தக் கேள்வி முடிவதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வால்வை மூடும்போது கடைசிச் சுற்றில் சாவி இறுகி, உள்ளங்கையில் கோடு பதியும். அன்று என் கையில் அந்த இறுக்கத்தின் நினைவே இல்லை. முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன்.

"நாங்க தப்பா ஒண்ணும் சொல்லலீங்க" என்றார் செயலாளர், அடுத்த வீட்டு அக்காவிடம், மிகுந்த மரியாதையோடு. "உங்களுக்கும் சிரமம், எங்களுக்கும் சிரமம். மாசக் கடைசிக்குள்ளார வேற ஊடு பாத்துக்கோங்க. ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அடுத்த வீட்டு அக்காவின் கணவர் வேலை முடிந்து வந்து கூட்டத்தின் விளிம்பில் நின்றிருந்தார். நடந்ததை அக்கா அவரிடம் ஒடியாவில் சொன்னபோது மகள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டாள். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. புரியாததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

ஊரிலிருந்து திரும்பிய அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "பேசாம இரு சாமி. அவங்க இன்னைக்கு இல்லீனா நாளைக்குப் போறவங்க. நாம இங்கயே இருக்கோணும்" என்றாள். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். தறிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "வா கண்ணு, காப்பி குடிக்கறயா?" என்றார்.

"வேண்டாங்க அங்கிள். வால்வ நான் மூடவே இல்லீங்க. திறக்கறப்பவே அஞ்சு மணின்னு எழுதிப்போட்டேன்."

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி உடு. படிக்கிற புள்ள. அத எதுக்கு இப்பச் சொல்லிட்டு? யாருக்கும் தெரிய வேண்டாம். ஓனர்கிட்ட நேத்தே பேசிப்போட்டேன்."

"அவங்க காலி பண்ணோணுங்களே."

"வாடகைக்கு இருக்கறவங்கதானே கண்ணு. இந்த ஊடு இல்லீனா இன்னொரு ஊடு."

அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீட்டு உரிமையாளரின் எண் இருந்தது. அவர் சென்னிமலையில் இருக்கிறார்; நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை. செயலாளரின் முன்னறையில் நின்றபடியே அழைத்தேன்.

"யாருங்க?"

எந்த வீடு என்பதைச் சொன்னேன். தண்ணீரை வீணாக்கியது நான்தான், உங்கள் வீட்டில் இருப்பவர்கள் சாவியை வாங்கும் முன்பே அது நடந்துவிட்டது என்றேன். சொல்ல வேண்டியது எதுவும் விட்டுப்போகவில்லை.

"செக்ரட்டரி வேற மாதிரி சொன்னாருங்களே அம்மணி?" என்றார்.

"இங்கதான் இருக்காருங்க" என்று சொல்லி, போனைச் செயலாளரின் முன் நீட்டினேன்.