ராக்கெட்டுக்கு வைத்த பொட்டு

காலை 6.40, ஒஸ்லோ நகரின் புருசெத். வாடகை வேனின் பின்பக்கத்தில், இரண்டு குளிர்காலப் போர்வைகளுக்குள் ராக்கெட் படுத்திருந்தது. இரண்டு மீட்டர் அறுபது நீளம், எரிபொருள் நிரப்பிய மோட்டார் இல்லாமலே ஒன்பது கிலோ. தீபாவளிக்குப் பாட்டிலில் நிறுத்திப் பற்றவைப்பதை நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள். இது ஒன்றரை கிலோமீட்டர் உயரம் போகக்கூடியது.

கட்டியவர் சுகந்தி அக்கா. திருகோணமலையில் பிறந்து ஒஸ்லோவில் வளர்ந்தவர். மெட்ரோ ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் வேலை. நான் திருச்சிக்காரி, ஆய்வுக்கூட வேலைக்காக இங்கு வந்து நாலு வருடம் ஆகிறது. குடியிருப்பு எல்லிங்ஸ்ருட், அக்கா இருக்கும் புருசெத்துக்கு அடுத்த ஸ்டேஷன். ரயிலில் ஒன்றாகப் போய்ப் பழக்கமானோம்.

அன்றைக்கு அக்காவுக்குத் தேர்வு. பெரிய மோட்டார்களை வாங்கிப் பறக்கவிட உரிமம் வேண்டும். எழுத்துத் தேர்வை வசந்த காலத்திலேயே முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது இதுதான்: ராக்கெட் மேலே போய், பாராசூட் விரிந்து, முழுசாகத் திரும்பி வர வேண்டும். ஒரு சிறகு ஒடிந்தாலும் தோல்வி. இந்த வருடத்தின் கடைசிப் பறத்தல் நாளும் அதுதான்.

ஆயுத பூஜை நெருங்கிய வாரம் அது. எங்கள் ஊரில் தையல் மெஷின் முதல் டவுன் பஸ் வரை எதையும் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். ராக்கெட்டை மட்டும் விடுவேனா? அக்காவிடம் அனுமதி கேட்டேன். "சூடம் மட்டும் கொளுத்தாதேயும்" என்று சொல்லிவிட்டு, மறந்துபோன ஃபிளாஸ்க்கை எடுக்க மாடிக்குப் போனார். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். ராக்கெட்டின் நடுவில் சமமான இடைவெளியில் நாலு சின்னப் புள்ளிகள் தெரிந்தன. பொட்டுக்கென்றே குறித்துவைத்த மாதிரி இருந்தது. நாலிலும் அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் இட்டு, போர்வையை மூடினேன். மனசு நிறைந்திருந்தது.

8.50. இ-6 நெடுஞ்சாலையில் விமான நிலையத்தைத் தாண்டி, கொலொமோனில் வலது பக்கம் திரும்பி எல்வெரும் வந்தோம். வழியெல்லாம் பிர்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. பெட்ரோல் நிலையத்தில் ஆளுக்கொரு காபி, 38 குரோணர், நம் காசில் கிட்டத்தட்ட முந்நூறு ரூபாய். இந்த விலையைத் திருச்சியில் சொன்னால் அப்பா காபி குடிப்பதையே விட்டுவிடுவார். நான் புளியோதரை கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து அக்கா சிரித்தார். அவர் கொண்டுவந்தது நோர்வேக்காரர் மாதிரி ரொட்டியும் பழுப்பு நிறச் சீஸும். பாதிப் புளியோதரை அவர் வயிற்றுக்குத்தான் போனது.

9.40. எல்வெருமிலிருந்து இன்னும் முப்பது கிலோமீட்டர். பார்லி அறுத்த வயல், சுற்றிலும் ஊசியிலைக் காடு. ராக்கெட் சங்கத்துக்காரர்கள் இருபது பேர் இருந்திருப்பார்கள். விமானப் போக்குவரத்துத் துறை அந்த வானத்தைப் பதினொன்று முதல் இரண்டு மணி வரைதான் விட்டுக் கொடுத்திருந்தது. அக்காவின் முறை பதினொன்றரைக்கு.

பரிசோதனை மேசையில் இங்கெர் என்ற அம்மாள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சிறகுகளை ஆட்டிப் பார்த்தார், கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு நடுப்பகுதிக்கு டார்ச் அடித்தவர் நிமிர்ந்து, காற்றுத் துளைகளை ஏன் அடைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். ராக்கெட்டுக்குள் இருக்கும் உயரமானி, அந்த நாலு துளைகள் வழியாகத்தான் வெளிக்காற்றின் அழுத்தத்தை அறியும். மேலே போகப் போக அழுத்தம் குறையும். உச்சியைத் தொட்டதும் அது பாராசூட்டை வெளியே தள்ளும். துளை அடைபட்டால், தரையிலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். ஒன்பது கிலோ ஈட்டி ஒன்று தலைகீழாக வயலில் வந்து குத்தும். நான் கும்பிட்டுவிட்டுச் செய்த காரியம் இது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நடுப்பகுதியைக் கழற்றினார். சந்தனம் உள்ளேயும் வழிந்து உயரமானியின் ஓரத்தில் காய்ந்திருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்தார். நான் டார்ச் பிடித்தேன். பதினொன்றரை போனது. பன்னிரண்டரையும் போனது.

சுத்தம் செய்தால் போதாது, வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும் என்றார் இங்கெர். உயரமானியில் ஒரு சின்ன பல்பை இணைத்துக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, மூடியில் குழாய் சொருகி, என்னிடம் நீட்டினார். காற்றை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால் உயரமானி மேலே போவதாக நினைக்கும்; விட்டதும் உச்சி வந்துவிட்டதாக எண்ணி, பாராசூட்டுக்குப் பதில் பல்பை எரிக்க வேண்டும். மூச்சு முட்ட உறிஞ்சினேன். விட்டதும் பல்பு மின்னியது. வாழ்க்கையில் எந்த விளக்கையும் அவ்வளவு பக்தியோடு பார்த்ததில்லை.

1.48. வரிசையில் கடைசி ராக்கெட் எங்களுடையது. தொண்ணூறு மீட்டர் தள்ளி நின்றோம். ஐந்திலிருந்து எண்ணினார்கள். அக்கா பொத்தானை அழுத்தினார். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், வெள்ளைப் புகை, அவ்வளவுதான், ராக்கெட்டைக் காணோம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லோரையும் கூப்பிட்டேன்.

"மாலதி, கண்ணைத் திறவும். விரிஞ்சிட்டுது" என்றார் அக்கா.

முதலில் சின்னப் பாராசூட், தாழ வந்ததும் பெரியது, நல்ல ஆரஞ்சு நிறம். காட்டோரம் வரை போய், மரத்தில் மாட்டாமல், பார்லித் தாளில் படுத்தது. போய் எடுத்து வந்தோம். அக்கா முன்பக்கம், நான் வால்பக்கம். இங்கெர் ஒவ்வொரு சிறகாகத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் அழுதேன். தேர்வு எழுதியவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

4.30, திரும்பும் வழி. ஏன் அக்கா என்னைத் திட்டலை என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா இதைத் தனியக் கட்டினனான். வீட்டுக்கு வாற ஆக்கள் எல்லாம் இது என்ன பைத்தியம் எண்டு கதைச்சிட்டுப் போவினம். ஒருத்தரும் கிட்ட வந்து தொட்டுப் பார்க்கேல்லை. நீர் ஒராள்தான் இதுக்கு நல்லது நடக்கோணும் எண்டு நினைச்சனீர். உம்மை எப்பிடித் திட்டுறது?"

எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. எங்கள் ஊரில் யாராவது பழைய ஆட்டோ வாங்கினால்கூடத் தெருவே வந்து சுற்றி நிற்கும். இங்கே, என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். இரண்டு வருடத்தில் நான் போனது மூன்று தடவை. அதில் இரண்டு தடவை சாப்பிடப் போனது. இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அடுத்த ரொக்கெட்டுக்குக் குழாய் வந்திட்டுது. வாற சனி வாரும்" என்றார் அக்கா. "ஓட்டையெல்லாம் நீர்தான் துளைக்கோணும். அப்பத்தான் மறக்கமாட்டீர்."