ஒரே எடம், வேற வேற எடம்

“ஐப்பசி 4. தொறந்து பாத்தாச்சு. இனிமே பூஜை வெளியில மட்டும்.”

கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு தகரத்தின் உட்பக்கத்தில் எழுதியிருக்கிறது. கையெழுத்து என் சித்தப்பாவுடையது. அந்தத் தகரம் ஒரு காலத்தில் அவருடைய கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்க மூடி. இப்போது மலைமேல் புதூர்நாட்டில் எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவு. சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது கோழிகளை விரட்டிவிட்டு, கூண்டுக்குள் தலையைக் கொடுத்துப் படித்து, அங்கேயே பிரதி எடுத்துக்கொண்டேன்.

மாதம் போட்டிருக்கிறார், நாள் போட்டிருக்கிறார், வருடம் போடவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே வருடம் ஒரு பொருட்டில்லை. “அந்த மழ வருசம்” என்பார்கள், மலையில் எந்த வருடம் மழை பெய்யவில்லை? என் பள்ளிப் படிப்பை வைத்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது. அது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏனென்றால், மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் இருந்த உறைவிடப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்கு நான் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. தேறினால் ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே தங்கிப் படிக்கலாம். விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில்தான் அனுப்ப வேண்டும். கடைசி நாள் சனிக்கிழமை.

சுற்று வட்டாரத்திலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். ஆலங்காயத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பி, எங்கள் வீட்டு முன்னறையிலேயே கடை போட்டிருந்தார். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவு போட்டோ எல்லாம் அந்த ஒரு பெட்டியில். நெட் மட்டும் கூரைமேல் நட்டிருந்த டிஷ் வழியாக வந்தது. அதனால் அந்த வருட ஆயுத பூஜையில் அரிவாள், மண்வெட்டி, கடப்பாரையோடு அதற்கும் இடம் கிடைத்தது. சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, அம்மா பொரியை இரண்டு கையாலும் அள்ளி அதன் தலையில் கொட்டினாள். “போதும் அண்ணி, இது இன்னா மண்வெட்டியா” என்றார் சித்தப்பா. “சாமிக்கு வைக்கறத அளந்தா வைப்பாங்க?” என்றாள் அம்மா. எங்கள் வழக்கப்படி, பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. எடுத்த பிறகும் பொரியைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, கையால்தான் பொறுக்க வேண்டும். கைக்கு அகப்பட்டதை நான் பொறுக்கித் தின்றேன்.

அடுத்த வாரமே பெட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிடும். அம்புக்குறி நகராது. எந்த விசையைத் தட்டினாலும் பதில் இல்லை. சித்தப்பா ஒரு முழு நாள் யோசித்துவிட்டு, ஓ.எஸ். கெட்டுவிட்டது, ரெக்கவரி போட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னார். சி.டி.யைச் செருகினால் பெட்டி தன்னைத்தானே முதலிலிருந்து சீர்செய்துகொள்ளும், திரையில் சதவீதம் ஏறும், நூறு வந்தால் முடிந்தது என்றார். கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது.

நூறு வரவில்லை. சித்தப்பா ஆரம்பித்துவிட்டு வெளியே போய்விடுவார், எந்த எண்ணில் நின்றது என்று பார்த்தது நான்தான். முதல் தடவை நாற்பதைத் தாண்டி நின்றது. அணைத்துவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார். இருபதுக்குள்ளேயே நின்றது. அடுத்தது அறுபத்தொன்று. அறுபத்தொன்றில் நான் சாமி கும்பிட்டேன், அது அறுபத்தொன்றிலேயே இருந்தது. இருட்டும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைவில் நிற்கும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்காவது அது பஞ்சர் என்று யாராவது சொல்வார்கள்.

கீழே இறங்கி ஆலங்காயத்திலேயே விண்ணப்பத்தை அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மழையில் பாறை சரிந்து ரோட்டில் விழுந்திருந்தது, ஜீப் ஓடவில்லை. அப்பா அப்போது குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருந்தார். வந்தால் பொங்கலுக்கு வருவார். வீட்டில் அம்மாவும் நானும்தான். சித்தப்பாவும் கடையை மூடிய பிறகு மேலண்டையிலிருந்த தன் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் அம்மா என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

“ஞாயித்துக்கெழம வூட்டுக்கு அனுப்புவாங்களா?”

“மாசத்துக்கு ஒருதரம்மா. எத்தினி வாட்டி சொல்றது?”

“மாசத்துக்கா” என்பாள். அடுத்த நாள் சோறு போடும்போது மறுபடியும் கேட்பாள். பெட்டியும் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டு என் உயிரை வாங்குவதாகத் தோன்றியது.

கடைசியில் சித்தப்பா, ஆலங்காயத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தன் கூட்டாளிக்குப் போன் போட்டார். எங்கள் ஊரில் போன் போடுவது என்றால் வீட்டுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறுவது. சிக்னல் அங்கேதான் வரும், அதுவும் ஒரு மூலையில்தான். ஆனால் கூட்டாளி கேட்பதைத் திரையைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் பெட்டியருகே இருக்க வேண்டும். பாறையிலிருந்து கத்தினால் வீட்டுக்குள் கேட்காது. எனவே ஓர் ஏற்பாடு செய்தோம். நான் முன்னறை ஜன்னலில், சித்தப்பா பாறைமேல், நடுவில் பலா மரத்தடியில் அம்மா. முக்காட்டுக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். மேலிருந்து வருவதைக் கீழேயும், கீழிருந்து போவதை மேலேயும் சொல்வது அவள் வேலை.

முதல் கேள்வி அம்மாவின் குரலில் வந்தது. “சி.டி. சுத்துற சத்தம் கேக்குதான்னு கேக்குறாரு!”

“கேக்குது!”

“கேக்குதாம்பா!”

“லைட்டு எரியுதா?”

“எரியுது!”

“வெளக்கு எரியுதாம் தம்பி!”

மேலே சித்தப்பா சற்றுத் தடுமாறியிருப்பார். எந்த விளக்கு என்று கேட்டு மறுபடி ஒரு சுற்று வந்தது. இப்படியே போய், கூட்டாளி முக்கியமான கேள்விக்கு வந்தார்.

“ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல நிக்குதா, வேற வேற எடத்துல நிக்குதான்னு கேக்குறாரு!”

எனக்கு எல்லா எண்களும் மனப்பாடம். அதைவிடச் சுலபமான கேள்வியை யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. “வேற வேற எடம்!” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பாறைப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது.

சித்தப்பா இறங்கி வந்தபோது முகம் தொங்கியிருந்தது. ஒரே இடத்தில் நிற்பதால் கோளாறு சி.டி.யில் இருக்கும், இல்லாவிட்டால் டிஸ்க்கே போயிருக்கும் என்று கூட்டாளி சொல்லியிருந்தார். ‘ஒரே இடத்தில்’ என்பதை நானும் காதில் வாங்கினேன், ஆனால் டிஸ்க் போயிருக்கும் என்றதில் அழுகை வந்துவிட்டதால் அதைப் பிடித்துக் கேட்கத் தோன்றவில்லை. அதன் பிறகு சித்தப்பா செய்ததெல்லாம் அந்தப் பாவப்பட்ட சி.டி.க்குத்தான். லுங்கியால் துடைத்தார். விபூதி போட்டுத் துடைத்தார். பற்பசை தடவித் தேய்த்தார். புதினா வாசனையோடு அது உள்ளே போய், முப்பத்தெட்டில் நின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் பெட்டிக்கு எதிரே தரையில் படுத்துவிட்டார். அதற்கு மேல் செய்ய எதுவும் அவருக்குத் தெரியவில்லை. நான் மூலையில் உட்கார்ந்து, விண்ணப்பத்துக்கு எடுத்து வைத்திருந்த சான்றிதழ்களைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பெட்டியின் மேல், மாட்டுக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, புறங்கையை வைத்தாள்.

“இன்னா தம்பி, இப்பிடிக் கொதிக்குது? ஒருவாட்டி தொறந்துதான் பாரேன்.”

“தொறந்து இன்னா பண்ண அண்ணி? டிஸ்க்கு போச்சு.”

“போனது போவட்டும். தொற.”

திறந்தார். உள்ளே இருந்த காற்றாடியைச் சுற்றிலும் பொரி. மேலே இருந்த காற்றுத் துளைகள் வழியாக இறங்கி, சந்தனத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, இறகுகளுக்கிடையே ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்திருந்தது. கூடவே ஒரு பொட்டுக்கடலை. காற்றாடி சுற்றாததால் பெட்டி சூடேறி, தாங்க முடியாத ஒவ்வொரு முறையும் நின்றிருக்கிறது. சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“சூட்டுல நின்னா வேற வேற எடத்துல இல்ல நிக்கணும்?” என்றார்.

“வேற வேற எடம்னுதான் நான் சொன்னேன்” என்றேன்.

அம்மா டீ டம்ளரை எடுத்துக்கொண்டே, “காத்து” என்றாள். பிறகு ஒரு தென்னங்குச்சியைக் கொண்டுவந்து பொரியை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். பூஜைப் பொரி என்பதால் எதையும் கீழே போடாமல் முந்தானையில் சேர்த்துக்கொண்டாள்.

மூடியை மாட்டாமலே சித்தப்பா ரெக்கவரியை ஆரம்பித்தார். நூறு வந்தது. அன்று சாயங்காலமே விண்ணப்பம் போனது. அதன் பிறகு அந்தப் பெட்டிக்கு அவர் மூடி போடவேயில்லை, பூஜையன்று சந்தனத்தைச் சுவரில்தான் தடவினார். நான் தேர்வில் தேறினேன். அடுத்த ஆனியில் ஜீப்பில் ஏறும்போது அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்குக் காற்றின்மேல்தான் கோபம்.

பிற்பாடு மூவரையும் தனித்தனியே விசாரித்தேன். “ஒரே எடம்னு அண்ணி சொன்னது என் காதுல தெளிவா வுழுந்துச்சு” என்கிறார் சித்தப்பா. “நீ சொன்னதத்தான் நான் சொன்னேன்” என்கிறாள் அம்மா. ஆலங்காயத்துக் கூட்டாளிக்கு அப்படி ஒரு போன் வந்ததே நினைவில் இல்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னது அம்மா என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சென்ற பொங்கலன்று சித்தப்பாவைப் பாறைமேல் ஏற்றிவிட்டு, பலா மரத்தடியில் நானே நின்று “வேற வேற எடம்” என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு எழுத்து தவறாமல் கேட்டதாகச் சொன்னார். ஆனால் அது தை மாதம், இலைகூட அசையவில்லை. ஐப்பசிக் காற்றில் இன்னும் சோதிக்கவில்லை. எனவே, அன்று அந்த மரத்தடியில் அம்மா சொன்னது என்ன என்பது இதுவரை உறுதியாகவில்லை.