லட்சுமியம்மாள் வீட்டு விருந்தாளி

கச்சிராயபாளையத்தில் லட்சுமியம்மாளுக்கு உதவி செய்துவிட்டு யாரும் சும்மா தப்பியதில்லை. பால் தூக்கை இறக்கி வைத்தால்கூட, பதிலுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கைக்கு வந்துவிடும். யாருக்கும் கடன்படாத பிறவி. பக்கவாதத்தில் விழுந்த கணவர் தெய்வசிகாமணியையும் அவரே ஒற்றையாளாகத் தூக்கி, துடைத்து, திருப்பிப் போட்டு வந்தார். கணவர் கரும்புக் கட்டு கனம். எழுபதைத் தாண்டிய இவர் வெறும் காய்ந்த கரும்புச் சோகை.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் இளவரசன் வரும்போதெல்லாம் அதே பேச்சுதான்.

"அம்மா, கூடமாட ஒரு ஆள வெச்சிக்கலாம்."

"எதுக்கு? நான் செத்துட்டனா?"

"சாவக் கூடாதுன்னுதாம்மா சொல்றேன்."

"ஊரு இன்னா சொல்லும்? பெத்தவங்கள கூலியாள்கிட்ட தள்ளிட்டான்னு உன்னத்தான்டா துப்பும்."

அந்த ஊர் ஒருநாளும் வந்து தெய்வசிகாமணியின் ஒரு காலைக்கூடத் தூக்கியதில்லை.

போன தை மாதம் அவன் அம்மாவைக் கேட்காமலே சின்னசேலத்திலிருந்து செவ்வந்தியை அழைத்து வந்து விட்டுப் போனான். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துப் பழகியவள். லட்சுமியம்மாள் அழுதார், திட்டினார், பிறகு யோசித்தார். எதிர்வீட்டுத் தைலம்மாள் விசாரித்தபோது, "எங்க ஒண்ணுவுட்ட தம்பி பொண்ணு. மாமாவ பாத்துட்டுப் போவ வந்துருக்குது" என்றார்.

அதோடு செவ்வந்திக்கு வேலை போயிற்று. சொந்தக்காரப் பெண்ணை வேலை வாங்கலாமா? வாசல் கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் அவளுக்கு நாற்காலி, காப்பி, முறுக்கு. ஒருவருக்கு நடந்த பணிவிடை இருவருக்கானது.

"வுடுங்கம்மா, நான் தூக்கறேன்."

"நீ உக்காரு கண்ணு. தைலம்மா பாத்துக்கினு இருக்கா."

"பாத்தா இன்னாம்மா? நான் வேலைக்குத்தான வந்தேன்?"

"மெதுவா பேசுடி!"

ஒருநாள் காலை தைலம்மாள் மோர் வாங்க வந்து உட்கார்ந்தார், கிளம்புவதாக இல்லை. அந்த நேரம் பார்த்துத் தெய்வசிகாமணி படுக்கையை நனைத்துவிட்டார். செவ்வந்தி எழுந்தாள். லட்சுமியம்மாள் கண்ணாலேயே அவளை உட்காரவைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் கணவரின் தோளுக்கடியில் கை கொடுத்தார். இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். மேலே விழுந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே கிடந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஓடிவந்த இளவரசன் செவ்வந்தி மேல்தான் பாய்ந்தான். "சம்பளம் வாங்கிக்கினு வேடிக்க பாத்தியா?"

"உங்கம்மா என்ன எழுந்திருக்க வுட்டாதான சார்?" என்றவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது கூடத்தில் இரண்டு கட்டில். லட்சுமியம்மாள் இறங்கி வந்துவிட்டார்: "ஊரு இன்னா வேணா சொல்லட்டும்டா. அந்தப் பொண்ணையே கூப்புடு." அவள் சேலத்தில் வேறு வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். விஷயம் தெரிந்த மற்ற பணிப்பெண்கள், "அந்த வூடா?" என்று போனை வைக்கிறார்கள். இளவரசனுக்கு லீவு முடியப்போகிறது.

அவன் ஆள் தேடி அலையும் பகலில் தெய்வசிகாமணி முனகுகிறார். திருப்பிப் போட வேண்டும்.

"கொஞ்சம் பொறுங்க, தோ வந்துட்டேன்" என்கிறார் லட்சுமியம்மாள், படுத்தபடியே.

அவரும் நம்பி, முனகலை நிறுத்திவிடுகிறார்.