பெய்ரூட்டில் ஒரு கல்யாணம்

குரும்பகரத்து மாரிக்கண்ணு பாரிஸில் கல்யாணப் படம் எடுக்கிறாள் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவள் வாயாலேயே சொன்னதுதான். உண்மையில் அவள் கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படம் எடுத்தாள். மனாகுவாவில் தெருவை மறித்துக் கட்டிய கல்சுவருக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தாள். டெஹ்ரானில் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிக்கொண்டே எடுத்தாள். பெய்ரூட்டில் பாதி இடிந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, குண்டுச் சத்தம் நிற்கும் வரை ரொட்டி தின்றுவிட்டு, பிறகு எடுத்தாள்.

அவளுடைய அப்பா காத்தமுத்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்கால் பக்கம் அவர்களை ‘சொல்தா’ என்பார்கள். அல்ஜீரியாச் சண்டைக்குப் போனவர், ‘சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன்’ என்றே வீட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் காலமானபின் மனைவி பவுனம்மாளுக்குப் பென்ஷனும், மகளுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் மிஞ்சின. எழுபத்து மூன்றில் மாரிக்கண்ணு பாரிஸுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். பத்திரிகைகளுக்குப் படம் விற்கும் ஒரு கம்பெனியின் இருட்டறையில் ஃபிலிம் கழுவும் வேலை கிடைத்தது. ஒருநாள் பெய்ரூட்டுக்குப் போகவேண்டிய ஆளுக்குக் குடல்வால் வீங்கிக்கொண்டது. “யார் போறது?” என்று முதலாளி கேட்டபோது, ஈரக்கையோடு நின்ற மாரிக்கண்ணு, “நான்” என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சின்ன வயதிலிருந்தே அவளால் ஒரு இடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார முடிந்ததில்லை.

அம்மாவிடம் போனில் என்ன வேலை என்று சொல்வது? “கல்யாணத்துக்குப் படம் எடுக்குறேம்மா” என்றாள். அந்தப் பொய் அப்படியே வேர்விட்டு வளர்ந்துவிட்டது.

எண்பத்திரண்டு சித்திரையில் விடுமுறைக்கு வந்தாள். வந்த அன்றே பவுனம்மாள் பாஸ்போர்ட்டை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு, “எங்க, நீ எடுத்த கல்யாணத்தையெல்லாம் காட்டு” என்றாள்.

இருப்பதிலேயே சாதுவான படங்களைப் பொறுக்கி நீட்டினாள் மகள். தெரு நிறைய ஆட்கள் கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“இது மாப்பிள்ளை ஊர்வலம்மா.”

“மாப்பிள்ளையைக் காணுமே?”

“அவரு முன்னாடி போயிட்டாரு.”

“இந்தாளு தலையில என்னடி கட்டு?”

“பொண்ணோட தாய்மாமன். அங்க அப்படித்தான் பரிவட்டம் கட்டுவாங்க.”

“இது?”

“மண்டபம்மா.”

பவுனம்மாள் இடிந்த சுவரை உற்றுப் பார்த்தாள். “கல்யாணத்துக்கு விடுற எடம். கொஞ்சம் பூசி வெள்ளையடிக்கக் கூடாதா?”

வைகாசி பிறந்ததும் தந்தி வந்தது. எங்காவது சண்டை மூண்டால் கல்யாணம் என்று போட்டுத் தந்தி கொடுங்கள் என மாரிக்கண்ணு கம்பெனியில் சொல்லிவைத்திருந்தாள். பிரெஞ்சு தெரிந்த தபால்காரர் சோமசேகரன் அதைத் தெருமுனையிலிருந்தே படித்துக்கொண்டு வந்தார். “பெய்ரூட்டுல பெரிய கல்யாணம் வருதாம்! ஒடனே வரணுமாம்!”

“யாரு வீட்டுக் கல்யாணம்?” என்றாள் பவுனம்மாள்.

“ரெண்டு பக்கமும் பெரிய எடம்மா.”

“சம்பந்திங்க ஒத்துமையா?”

மாரிக்கண்ணு யோசித்தாள். “அவ்வளவா இல்லம்மா.”

“அப்ப மெதுவாப் போகலாம். மாமா மக அல்லிக்கு வர்ற வெள்ளிக்கெழமை கல்யாணம். அதை நீதான் எடுக்குறே, உங்க மாமா வைத்திலிங்கத்துக்கிட்டச் சொல்லிட்டேன். ஊரு ஒலகத்துல இருக்குற கல்யாணத்தையெல்லாம் எடுக்குறே, மாமன் வீட்டுக் கல்யாணத்தை எடுக்காமப் போவியா? அதை நல்லா எடுத்துக் குடு. பாஸ்போர்ட்டைத் தர்றேன்.”

மாரிக்கண்ணு அரிசி டின்னைப் பார்த்தாள். உண்மை தெரிந்தால் பாஸ்போர்ட் அரிசியோடு அரிசியாக அங்கேயே கிடக்கும். தெரியாமல் இருக்க ஒரே வழி, நாளது வரை எடுத்தேயிராத ஒரு கல்யாணத்தை எடுத்துக் காட்டுவது.

காரைக்கால் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த மன்சூர் அலி பாய்தான் அந்தச் சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் வழக்கமாகப் படம் எடுப்பவர். இந்தக் கல்யாணத்துக்கு அவரை வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பாரிஸ் தங்கச்சி எடுக்குற எடத்துல நமக்கென்ன வேலை? சாப்பிட மட்டும் வர்றேன்” என்றார். வந்தார். தோளில் கேமராவும் வந்தது. சட்டை மாதிரி அதுவும் பழகிப்போச்சு என்று சொல்லிக்கொண்டார்.

முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பூவம் ஊர் மாப்பிள்ளை தியாகராசன் கோட்டும் சூட்டுமாகப் பந்தல் வாசலில் காரைவிட்டு இறங்கினான். எவனோ சரவெடியைக் கொளுத்திவிட்டான். அடுத்த நொடி மாரிக்கண்ணு தரையில் கிடந்தாள். தனியாகக் கிடக்கவில்லை. பழக்கதோஷத்தில் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் கோட்டைப் பிடித்து இழுத்து, அவனையும் படுக்கவைத்து, தலையைக் குனிந்துகொள்ளச் சொல்லிப் பிரெஞ்சில் கத்தினாள். நாயனக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

“என்னம்மா இது?” என்று ஓடிவந்தார் வைத்திலிங்கம் மாமா.

மாரிக்கண்ணு அசையாமல் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். “கீழேருந்து எடுத்தாத்தான் மாமா, மாப்பிள்ளை ஒசரமாத் தெரிவாரு.”

தியாகராசன் சற்றுக் குள்ளம். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தவன், “அப்ப இன்னொண்ணு எடுங்களேன்” என்றான்.

மறுநாள் காலை குடும்பப் படம். இரண்டு வீட்டாரும் மூன்று வரிசையாக நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் அவளைப் பார்த்தார்கள். இவர்கள் பார்ப்பதை நிறுத்தினால் எடுக்கலாம் என்று அவள் காத்திருந்தாள். அவள் தொழிலில் யாரையும் இப்படி நில், அப்படித் திரும்பு என்று சொல்லக் கூடாது. முன்வரிசைக்கு முகம் சிவந்தது.

“ஏம்மா, ‘ரெடி’ன்னு சொல்லித் தொலையேன்” என்றார் மாமா பல்லைக் கடித்தபடி.

“நான் சொல்றதில்ல மாமா.”

“சொல்லாம நாங்க எப்பத்தான் மூச்சு விடுறது?”

படம் எடுக்காமலேயே வரிசை கலைந்தது; முகூர்த்தம் நெருங்கியது. மாரிக்கண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றாள். ஐயர் கையை ஆட்டினார். பெண்ணுக்கு இந்தப் பக்கம் போனாள். நாத்தனார் இடித்தாள். கடைசியில் ஹோமப் புகைக்கு நடுவே நின்று இருமினாள். “கெட்டி மேளம்! கெட்டி மேளம்!” என்று குரல் எழுந்தது. தியாகராசன் தாலியை எடுத்தான்.

அந்த நேரம் பார்த்துப் பந்தலுக்குப் பின்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று முதல் பந்தியில் முன்கூட்டியே உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளையின் பெரியப்பா சின்னப்பிள்ளையின் குரல். சத்தமாகக்கூட இல்லை.

“எனக்கு ஒடைஞ்ச அப்பளமா?”

மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை, மாரிக்கண்ணுவைத் தவிர. அந்தத் தொனி அவளுக்குத் தெரியும். மூன்று நாடுகளில் கேட்டிருக்கிறாள். அந்தத் தொனிக்கும் முதல் கல் பறப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அவள் காலுக்கே தெரியும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேரவும், “ஒடைஞ்சா என்ன, வாயில போட்டா ஒடையத்தானே போகுது?” என்று பெண் வீட்டுப் பையன் எவனோ சொல்லவும் சரியாக இருந்தது. அதன்பின் பேச்சில்லை. சாம்பார் வாளி பறந்தது. வாழைக்காய் வறுவல் பறந்தது. பெரியப்பா ஓர் இலையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு முன்னேறினார். வைத்திலிங்கம் மாமா கரண்டியோடு வந்தார். மாரிக்கண்ணு தவலைக்குப் பின்னால் பதுங்கினாள், பெஞ்சுமேல் ஏறினாள், ஒருக்களித்துப் படுத்தாள், வாளி வரும் திசையைப் பார்க்காமலேயே குனிந்தாள். அவள் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. பந்தலின் ஓரத்திலிருந்து பவுனம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாயசம் வந்ததும் சண்டை ஓய்ந்தது. பெரியப்பாவுக்கு முழு அப்பளமாகப் பார்த்து ஒன்பதோ பத்தோ வைத்தார்கள். அவர் பஸ்ஸை மறந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, மன்சூர் பாயின் ஸ்டூடியோவில் கழுவிய படங்களை மாமா வீட்டுக் கூடத்துப் பாயில் பரப்பினாள். இரண்டு சம்பந்திகளும் குனிந்தார்கள். பொண்ணு இல்லை. மாப்பிள்ளை, தரையில் கிடந்த ஒன்றைத் தவிர, இல்லை. மற்றதெல்லாம் சாம்பார்.

“தாலி கட்டுற படம் எங்கம்மா?” என்றார் மாமா.

மாரிக்கண்ணு பதில் சொல்வதற்குள், “அட! இது நானா?” என்றார் பெரியப்பா. படத்தில் அவர் இலையை ஏந்தி, நெஞ்சை நிமிர்த்தி, சாட்சாத் வீரனாக நின்றார். “எம் மூஞ்சில இவ்வளவு களை இருக்குன்னு அம்பத்தெட்டு வருஷமா ஒரு பயலும் சொல்லல. எனக்கு மூணு காப்பி போடும்மா.”

“கரண்டியோட நிக்கிறது நான்தானே?” என்று மாமாவும் மெதுவாகக் கேட்டார். “நம்ம பக்கத்து ஆளுங்க நல்லாத்தான் நின்னுருக்காங்க.”

“நீங்க பின்வாங்குறப்ப எடுத்தது சம்பந்தி அது.”

“பின்வாங்கலங்க. கரண்டியை ஓங்க எடம் விட்டேன்.”

அல்லி மட்டும் விசும்பினாள். “எந் தாலிக்குப் படமே இல்லையா?”

மன்சூர் அலி தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். “கை சும்மா இருக்கல தங்கச்சி. தப்பா நெனைக்காதே” என்று மாரிக்கண்ணுவைப் பார்த்துச் சொன்னார்.

முடிச்சுப் போடும் தியாகராசன், குனிந்த அல்லி, அட்சதை தூவும் கைகள். எல்லார் முகமும் தாலியைப் பார்த்திருந்தது. ஒரே ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, சேலையைச் செருகிக்கொண்டு, பின்கட்டை நோக்கிப் பறந்துகொண்டிருந்தாள். அல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது போதும்” என்று படத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். பவுனம்மாள் அதை முதலில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அல்லியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மாரிக்கண்ணு பின்னாலேயே போனாள்.

அடுப்படியில் அரிசி டின்மேல் கையை வைத்துக்கொண்டு பவுனம்மாள் கேட்டாள்:

“உங்க அப்பா உருளைக்கெழங்கு உரிக்கிறேன்னு எழுதுனாரே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கும்மா.”

“லீவுல வந்தப்ப ஒரு கெழங்கை எடுத்துக் கையில குடுத்தேன். பாதிக் கெழங்கு தோலோட போச்சு. கட்டை வெரலையும் அறுத்துக்கிட்டாரு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவரு எங்க நிக்கிறாருன்னு.” டின்னின் மூடியைத் திறந்தாள். “நீ கல்யாணப் படம் எடுக்குறவ. தாலி கட்டுறப்ப எங்க நிக்கணும்னு தெரியல. வாளி பறந்தா எங்க குனியணும்னு தெரியுது.”

மாரிக்கண்ணு வேறொரு பொய்யைத் தேடினாள். என்ன பொய்யைச் சொன்னாலும் பழைய பொய் அதைவிட நன்றாக இருந்தது.

“அவருகிட்டத் தெரியும்னு நான் சொல்லவேயில்ல” என்றாள் பவுனம்மாள். “சொன்னா, எழுதுறதுக்கு அவருக்கு வேற என்ன இருக்கு?” அரிசிக்குள் கையை விட்டுத் துழாவினாள். கை வெளியே வரவில்லை. உள்ளேயே இருந்தது.

“அந்தக் கல்யாணத்துக்குப் போய்த்தான் ஆகணுமா?”

“போகணும்மா. அங்க நடக்குறதை யாராவது எடுக்கணும்.”

“சம்பந்திங்க ரொம்ப மோசமா?”

“மோசம்தாம்மா.”

பாஸ்போர்ட் வெளியே வந்தது. பவுனம்மாள் அரிசித் தவிட்டை ஊதிவிட்டு மகள் கையில் வைத்தாள்.

“அப்ப நடுவுல போய் நிக்காத. ஓரமா நில்லு. பந்தி முடியட்டும்னு காத்திருக்காத. வேலை ஆனதும் கெளம்பிடு. எந்த மண்டபமா இருந்தாலும் போய்ச் சேந்ததும் ஒரு தந்தி அடி, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு.”

“சரிம்மா.”

“பொய்யாவாவது அடி.”

ஊருக்குக் கிளம்பும் அன்று தபால்காரர் சோமசேகரன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, “என்ன, பெய்ரூட் கல்யாணத்துக்கா?” என்றார். “ஆமாங்க, பெரிய எடம்” என்றாள் பவுனம்மாள் முகம் மாறாமல். பிறகு மகளின் பைக்குள், கேமராவுக்கும் துண்டுக்கும் நடுவில், ஒரு பொட்டலத்தைப் பக்குவமாகச் செருகினாள்.

“என்னம்மா இது?”

“அப்பளம். ஒடையாமக் கொண்டு போ. இருக்குற சண்டை போதும்.”