சிவப்புத் துண்டும் கொம்பு ஓணானும்

மார்ச் கடைசியில் பொகவந்தலாவையில் முதல் மழை விழும். காலையெல்லாம் வெயில் காய்ந்து, பின்னேரம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும். கடைத்தெருவில் எல்லோரும் சாக்குகளை உள்ளே இழுப்பார்கள். என் கணவர் மஃறூப் மட்டும் அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே மேசையில் போட்டுவிட்டு வாசலுக்கு வருவார். மழை விட்டதும் கடைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கானில் முதல் தவளை கத்த வேண்டும். அதற்காகத்தான் நிற்பார்.

"கேட்டதா?" என்பார், துணி வாங்க வந்தவர்களிடமே.

அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். இந்த வருடம், 1965இல், அந்தக் கேள்வியைக் கேட்க அவர் இல்லை. பிப்ரவரியில் மார்வலி வந்து இரண்டே நாளில் போய்விட்டார்.

அவர் பெரிய மனிதர் அல்ல. வாப்பா விட்டுப்போன துணிக்கடையை நடத்தினார், அவ்வளவுதான். சிறு வயதில் வாப்பாவோடு துணிமூட்டை சுமந்து தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக விற்கப் போவாராம். தேயிலைக்குள் நடந்த அந்த நடையில்தான் ஓணானும் தவளையும் பாம்பும் பார்க்கும் ஆசை பிடித்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் புதருக்குள் குனிந்து நிற்பதற்கு வாப்பாவிடம் வாங்கிய அடியையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் இதையெல்லாம் எனக்கு அவர் சொன்னது பிறகு. கல்யாணமான புதிதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கண்டியில் எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். கடையை விட்டு வர முடியாது என்று மஃறூப் சொல்லிவிட்டதால், 1953 ஜனவரி கடைசியில் நான் இங்கே வந்தேன். என் உம்மா, சாரா உம்மா, அதை மன்னிக்கவேயில்லை. "காலேஜ்ல படிச்ச புள்ளயக் கொண்டுபோய் மலங்காட்டுல வச்சீக்கிறான்" என்று கண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்துச் சனம் கடைத்தெருவுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை. அதனால் அன்றைக்குக் கடை மூடுவதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகுதான் ஓய்வு. அந்த வருடம் முதல் மழை விழுந்த வாரத்திலிருந்து, வெள்ளிக்கிழமைகளில் மஃறூப் தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, பழைய சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கடையிலிருந்து ஒரு துணித்துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குத் திரும்பி வந்தார். முழங்கால்வரை சேறு. கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம்.

"எங்க போனீங்க?"

"மேல் தோட்டத்துக்கு."

"என்னத்துக்கு?"

"சும்மா. பாக்க."

"என்னத்த?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

மூன்றாவது வெள்ளிக்குப் பிறகு பக்கத்துப் பலசரக்குக் கடை ஆமினா உம்மா வந்தார். சர்க்கரை கேட்டு வந்தவர் சர்க்கரையை மறந்து உட்கார்ந்துவிட்டார். "இத நான் செல்லக்கூடாது மகள். ஆனா தெருவே கதைக்குது. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு துண்டு போகுது. லெட்சுமி எண்டு கொழுந்தெடுக்கிற ஒருத்திக்காம். தோட்டத்துல ஒரு ஆம்புள ஒரு பொம்புளைக்குத் துணி குடுத்தா என்ன அர்த்தம் எண்டு ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார். அங்கே சேலை போட்டுவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரிதான். தாலிகூடப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

செய்தி எப்படியோ கண்டிக்குப் போய்விட்டது. அடுத்த வியாழக்கிழமை உம்மா வந்து இறங்கினார். மஃறூப்பிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அறைக்குள் வந்து என் பெட்டியைக் கட்டிலின்மேல் எடுத்து வைத்தார்.

"நாளைக்குப் பின்னேரம் கடைசி பஸ்ஸுல போறோம். உடுப்புகள எடு."

எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றாக மடிக்கும்போது, இந்த வீட்டில் இரண்டரை மாதம்தானே இருந்தேன், இதை விட்டுப் போவது ஏன் இவ்வளவு கனமாயிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் ஜும்ஆ முடிந்து அவர் பழைய சாரத்தைக் கட்டும்போது, "நானும் வாறேன்" என்றேன்.

"நடக்கணும்."

"நடக்கிறேன்."

உம்மா கதவடியில் வந்து நின்றார். "அங்க போய் என்னத்தப் பாக்கப் போற?"

"இருக்கிறதப் பாத்துட்டு வாறேன் உம்மா. பாக்காமப் போனா, காலத்துக்கும் ஆமினா உம்மாட கண்ணாலதான் பாத்ததா இருக்கும்."

அவருக்குப் பின்னால் தேயிலைக்குள் ஏறினேன். மழை இருட்டு கட்டியதால் அன்றைக்குத் தோட்டத்தில் நேரத்தோடு கொழுந்தை நிறுத்து, ஆட்களை வீட்டுக்கு விட்டிருந்தார்கள். தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில், வெறுங்கூடையோடு ஒருத்தி நின்றாள். என் வயதுதான் இருக்கும். அழகாயிருந்தாள். என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

அவளுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பாறைமேல், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவள் புருஷன் மூக்கன். எங்களைக் கண்டதும் எழுந்து வந்து, மடியிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்து மஃறூப்பின் முன்னால் நீட்டினான்.

"இந்தாங்க மொதலாளி ஒங்க துணி. எம் பொண்டாட்டிக்குச் சேல எடுத்துக் குடுக்க எனக்குக் கையிருக்கு."

"சேலையாம் சேல!" என்றாள் லெட்சுமி. "அத ஒன் இடுப்புல சுத்திப் பாரு, முடிச்சுப் போடக்கூடப் பத்தாது. கூடக்கயிறு தலைய அறுக்காம இருக்க மடிச்சுப் போடுற துண்டு அது."

"நீ பேசாத புள்ள. தண்ணி புடிக்கிற பீலியில ஒன்னயப் பத்தி என்ன பேசுறாளுகன்னு தெரியுமா?"

"தெரியும். நானும் அங்கனதான் தண்ணி புடிக்கிறேன்."

மஃறூப் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பேசுறாங்க?" என்று உண்மையாகவே கேட்டார். மூக்கன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். மஃறூப்புக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. இருபது வருடமாகத் தோட்டத்துச் சனத்துக்குத் துணி விற்கிறவருக்கு, அங்கே துணி கொடுத்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்கவில்லை.

"வந்தது வந்துட்டீங்க" என்றாள் லெட்சுமி. "சண்டைய அப்புறம் போடலாம். மழ வந்தா அது எறங்கிப் போயிரும். எல்லாருமா வாங்க."

எது இறங்கிப் போகும் என்று எனக்கு விளங்கவில்லை. அவளும் மஃறூப்பும் முன்னால் போனார்கள். ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவர்களுக்குள் தாழ்ந்த குரலில் வாக்குவாதம். பின்னால் நானும் மூக்கனும்.

"நீங்க மொதலாளியோட சம்சாரமா?"

"ஓம்."

"பாக்கத்தான் வந்தீங்களா?"

"ஓம்."

"நானுந்தாம்மா" என்றான்.

கொஞ்ச தூரம் போனதும் மடியிலிருந்து சவுக்காரத் துண்டு ஒன்றை எடுத்து, என்னைப் பார்க்காமலே நீட்டினான். "கால்ல தேச்சுக்குங்க. அட்ட ஏறும்."

ஓடையோரத்தில் பாசி படிந்த மரமொன்றின் முன்னால் லெட்சுமி கையைக் காட்டி நிறுத்தினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாசிதான் தெரிந்தது. பிறகு பாசியில் ஒரு பகுதி கண்ணை உருட்டியது. ஒரு சாண் நீளத்தில் ஓர் ஓணான் மரத்தோடு மரமாக ஒட்டியிருந்தது. அதன் மூக்கு நுனியில், ஊறிய நெல்லை நட்டு வைத்ததுபோல் வெள்ளையாக ஒரு கொம்பு.

மூக்கன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்" என்றாள் லெட்சுமி. "கொழுந்து எடுக்கையில கண்டா அடிச்சுப் போட்டுறாதீங்க, வந்து சொல்லுங்க, ஒரு துண்டு தாறேன்னாரு மொதலாளி. ஒங்கிட்ட எத்தன தடவ சொன்னேன்?"

"ஓணானப் பாக்கத் துணி குடுக்கிறாருன்னா எவன் நம்புவான்?" மூக்கன் இன்னும் கிட்டே போய்க் குனிந்தான். "ஏ புள்ள, நம்மள வேல வாங்குற கண்டாக்கையா மூக்கு மாதிரியே இருக்கு."

லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். மஃறூப் "உஸ்" என்றார். ஓணான் வாயைத் திறந்து உள்ளே சிவப்பைக் காட்டியது. பிறகு மெல்ல மரத்தின் மறுபக்கத்துக்குத் திரும்பிக்கொண்டது.

அப்போது மஃறூப் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். எனக்கு முன் அவருக்குப் பேசிய ஒரு சம்பந்தம், பெண் வீட்டார் "ஓணான் பிடிக்கிற மாப்பிள்ளையா?" என்று சிரித்ததில் நின்றுபோனதாம். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன் என்று பயந்துதான் இத்தனை நாளும் வாய் திறக்கவில்லை. அன்று இரவு சொன்னார். ஆனால் அவர் சொல்லாமலே அந்த இடத்தில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"மத்தப் பக்கம் போய்ப் பாப்போமா?" என்றேன்.

திரும்பி வரும்போது மழை தூறத் தொடங்கியது. தேயிலைக்கு வந்ததும் மஃறூப், பழக்க தோஷத்தில், அதே சிவப்புத் துண்டை மறுபடி லெட்சுமியிடம் நீட்டினார். மூக்கனின் முகம் கறுத்தது. நான் குறுக்கே கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டேன்.

"இனி துணி நான் தாறேன்" என்றேன் லெட்சுமியிடம். "எத கண்டாலும் ஞாயிற்றுக்கிழம கடைக்கு வந்து எங்கிட்டச் சொல்லுங்க. எங்கிட்ட வாங்குங்க."

லெட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் கத்தியின் பிடியால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தான்.

"அம்மா கையால குடுத்தா வாங்கலாம். ஆனா செவப்பு வேணாம். அதத்தான் பேசிப்புட்டாளுக. நீலம் இருந்தா குடுங்க."

வீட்டுக்கு வந்தபோது உம்மா பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்கதவடியில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஹார்ன் அடித்தது. என் சேலை முழங்கால்வரை சேறு.

"என்ன கோலம் இது?"

"ஓணான் பாத்தோம் உம்மா."

உம்மா என்னைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். அவர் சேற்றுக் காலோடு பள்ளிக்கூடப் பையனைப்போல நின்றார்.

"பொம்புளயா ஈந்தா வழக்குக்குக் காதியார்கிட்டப் போகலாம்" என்றார் உம்மா. "ஓணானுக்கு நான் யார்கிட்டப் போய் முறைப்பாடு செல்றது?"

பஸ் போய்விட்டது. மறுநாள் காலை உம்மா தனியாகக் கண்டிக்குப் போனார். பெட்டியிலிருந்த என் உடுப்புகளைத் தானே எடுத்து அலுமாரியில் அடுக்கிவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு பதினொரு மழைக்காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்துப் பெண்கள் கடைக்குள் வந்து என் காதருகே குனிவார்கள். கான் வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வால் மழுங்கிய பாம்பு வந்தது என்பார்கள். குட்டி போடுகிற ஓணானைக் கண்டேன் என்று ஒருத்தி சொன்னபோது நான் நம்பவில்லை. மஃறூப் என்னை அங்கேயே அழைத்துப்போய்க் காட்டினார், தீக்குச்சி நீளத்தில் ஐந்து குட்டிகள். ஐம்பத்தாறிலும் ஐம்பத்தேழிலும் நோன்பு ஏப்ரலில் வந்தது. நோன்போடு மலையேறி, நாக்கு ஒட்டிப்போய் வந்து, நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும்வரை அன்று கண்ட தவளையின் முதுகுக் கோடுகளைப் பற்றியே பேசுவார். நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டு கேட்பேன். எதையும் அவர் பிடித்து வந்ததில்லை. பார்ப்பார், வருவார். சொல்லிச் சொல்லி மறுபடி பார்ப்பார்.

இப்போது நான் இத்தாவில் இருக்கிறேன். வெள்ளையுடுத்தி, வெளி ஆண்கள் கண்ணில் படாமல், நாலு மாதம் பத்து நாள். கடையை அவருடைய தம்பி அன்ஸார் பார்க்கிறார். இந்த வருடத்து மழைக்காலம் நான் வீட்டுக்குள் இருக்கும்போதே முடிந்துவிடும்.

போன ஞாயிறு லெட்சுமி பின்கதவால் வந்தாள். உள்ளே வரக்கூடாதென்று மூக்கன் சந்திலேயே நின்றுகொண்டானாம். அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எப்போதும்போல் காதருகே குனிந்தாள்.

"மொத மழைக்கே வந்துருச்சும்மா. அதே மரந்தான். ரெண்டு இருக்கு."

"கொம்பு பெருசா?" என்றேன். அவர் கேட்கிற கேள்வி அது.

"ஒன்னுக்குப் பெருசு. மத்தது பொட்ட போல."

எழுந்து அலுமாரியைத் திறந்தேன். "என்ன நெறம் வேணும்?"

"இந்த வருசம் என்னத்துக்கும்மா துணி" என்றாள்.

"கண்டு வந்து சொன்னீங்கதானே? சொல்லுங்க, என்ன நெறம்?"

அவள் கதவிடுக்கால் வெளியே பார்த்துக் கேட்டாள். சந்திலிருந்து மூக்கனின் குரல் வந்தது.

"அந்தச் செவப்பு இன்னும் கெடந்தா, அதையே குடுக்கச் சொல்லு புள்ள."

கிடந்தது. மடிப்பில் நிறம் மங்கியிருந்தது. லெட்சுமி அதை உதறி, கூடைக்கயிறு பதிந்து வழுக்கையான உச்சியில் மடித்து வைத்துப் பார்த்தாள். அளவாயிருந்தது.