கடலோரச் சாலையில் நூற்று இருபத்து நான்கு

பக்கத்து வீட்டார் சேர்ந்து செபிக்கும் நம் அன்பியக் கூட்டங்களில் நான் எழுந்து பேசுகிறவள் இல்லை. பாட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நெஞ்சு உறுத்துகிறது. அதனால்தான் எழுதிவைத்துக்கொண்டு வாசிக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. இருபது வயது. கெலுகோரில் அம்மாவோடு இருக்கிறேன். போன வருடம் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் எனக்குப் பெரிய இக்கட்டு வந்தது. அதை நானேதான் வரவழைத்துக்கொண்டேன்.

அப்போது லைசென்ஸ் எடுத்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. புதிதாக ஓட்டுகிறவர்கள் ஒட்டவேண்டிய 'பி' ஸ்டிக்கர் காரில் இருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் என் தோழி யோகேஸ்வரியை ஏற்றிக்கொண்டு ஜார்ஜ்டவுனிலிருந்து கடலோரச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். அவசரம் எதுவும் இல்லை. சாலை காலியாக இருந்தது, பாட்டு சத்தமாக ஓடியது, காலை அழுத்தினேன். அவ்வளவுதான்.

போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். எண்பதில் போகவேண்டிய இடத்தில் நூற்று இருபத்து நான்கு. வழக்கமாக அபராதம் கட்டி முடித்துவிடுகிற சம்மன் இல்லை இது. நாள் குறித்து, கோர்ட்டுக்கு வரச் சொல்லும் சம்மன்.

எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது, இன்னும் சேரவில்லை. படுக்கையில் இருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே போய் அவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் வேலை. நானே காரோட்டிப் போகவேண்டும் என்பது முதல் நிபந்தனை. கோர்ட்டில் லைசென்சை நிறுத்திவைத்துவிட்டால் அந்த வேலை போய்விடும். என் படிப்புக்காக அம்மா ஆறு வருடம் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. சம்மனைப் பார்த்ததும் அவர் திட்டவில்லை. சோறு போட்டுக்கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் பூசை முடிந்து சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பயப்படாத லா. குற்றம் இல்லன்னு சொல்லு. கேஸ் விசாரணைக்குப் போகும். அன்னைக்கு அந்தப் போலீஸ்காரர் வரலன்னா தள்ளுபடி. வந்தாலும் என்ன, வேகம் பாக்குற மிஷின் சரியில்லன்னு சொல்லு. பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணையும் சாட்சி சொல்லச் சொல்லு."

"ஆனா நான் வேகமாத்தானே சித்தப்பா போனேன்?"

"அத நீ எதுக்குச் சொல்ற? அவங்க நிரூபிக்கட்டும்."

அவர் என்மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். எனக்கும் அது பிடித்துப்போயிற்று. அன்றே ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கினேன். என் செபம் என்ன தெரியுமா? விசாரணை நாளில் அந்தப் போலீஸ்காரர் வரக்கூடாது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாவம், அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும். நான் முழங்காலில் நின்று, அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி என்கிற அளவுக்குக் கேட்டேன்.

ஒன்பது நாளும் மனம் அடங்கவில்லை. கடைசி நாள் கோயிலில் எல்லாரும் போனபிறகும் உட்கார்ந்திருந்தேன். "ஆண்டவரே, நான் எதிர்த்து வாதாடவா, ஒப்புக்கொள்ளவா? எனக்குத் தெரியலை. நீரே காட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். லைசென்சைப் பற்றிக் கேட்க மறந்தேபோனேன்.

சாட்சி சொல்ல வரச்சொல்லி நான் முன்பே கேட்டிருந்த யோகேஸ்வரி அடுத்த நாள் காலை கூப்பிட்டாள். பாசார் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கும் தே தாரே டீ குடித்தோம்.

"கோர்ட்டுக்கு நான் வரேன் லா. நீ என் ஃபிரண்டு. ஆனா அங்க என்ன சொல்லணும்னு நீயே சொல்லிடு."

"எண்பதுலதான் போனோம்னு சொன்னா போதும்" என்றேன்.

அவள் கிளாசைத் தள்ளிவைத்தாள்.

"அன்னைக்கு ரெண்டு தடவ மெதுவா போடின்னு சொன்னேன். உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லடி. பாட்டுச் சத்தத்துல..."

"எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஸ்டெல்லா. வீட்டுல இன்னும் சொல்லல. சொன்னா உன்கூட கார்ல அனுப்பமாட்டாங்க."

அதுவரை நான் லைசென்சைப் பற்றியும் வேலையைப் பற்றியும் மட்டும்தான் யோசித்திருந்தேன். பக்கத்தில் ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது அவளையே கூட்டிப்போய்ப் பொய் சொல்லவைக்கப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்து, "நீ வரவேணாம். மன்னிச்சிடுடி" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். கடைக்கார அண்ணன் என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்தார்.

நான் முந்தின நாள் கேட்ட கேள்விக்கு ஆண்டவர் கொடுத்த பதில் அது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கே வேலை கொடுத்த வசந்தி மேடத்தைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். லைசென்ஸ் போனாலும் போகலாம், வேறு ஆளைப் பார்ப்பதென்றால் பாருங்கள் என்றேன். அவர் சம்மனை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"இத மறைச்சிட்டு நீ வேலைக்குச் சேர்ந்திருந்தா எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாது மேடம்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"நோயாளிங்க வீட்டுக்குப் போற வேலை மேடம். பொய்யோட எப்படிப் போறது?"

அவர் சிரிக்கவில்லை. "முதல் நாலு மாசம் இங்க வேலை செய்யிற சல்மா அக்கா காரோட்டுவாங்க. நீ அவங்களோட போ. அப்புறம் பாப்போம்" என்றார். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோர்ட்டு நாளே இன்னும் வரவில்லை. ஆனால் என் பயம் போய்விட்டது.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து கோர்ட்டுக்குப் போனோம். அம்மா செபமாலையோடு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். குற்றச்சாட்டை மலாயில் வாசித்தார்கள். ஒப்புக்கொள்கிறேன் என்றேன். மாஜிஸ்திரேட் ஒரு பெண். எதற்காக அவ்வளவு வேகம் என்று கேட்டார். காரணம் எதுவும் இல்லை, சாலை காலியாக இருந்தது, என்மேல்தான் தப்பு, பக்கத்தில் இருந்தவள் பயந்துபோனாள் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்டித்தார். அபராதம் விதித்தார். லைசென்சை நிறுத்திவைக்கவில்லை. அம்மா அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வீட்டுக்குப் போனதும் எனக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தார்.

அம்மா கட்டிய அபராதத்தை என் முதல் சம்பளத்தில் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். சல்மா அக்காவோடு போன நான்கு மாதத்தில், நோயாளியைத் தொடுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று கற்றுக்கொண்டேன். இப்போது நானே ஓட்டிப் போகிறேன். எண்பது என்றால் எண்பதுதான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், அடித்துக்கொள்ளட்டும். யோகேஸ்வரி இப்போதும் என்னோடு வருகிறாள், அதுவும் நன்றாகத் தூங்கிக்கொண்டு வருகிறாள்.

ஒன்று சொல்லவேண்டும். தப்புச் செய்யாதவர்கள் மேல் சம்மன் வந்தால் அவர்கள் தைரியமாக எதிர்த்து நிற்கட்டும். அது அவர்களுடைய நியாயம். என் விஷயம் அப்படியில்லை. அதைத்தான் ஆண்டவர் எனக்குக் காட்டினார். லைசென்ஸ் போயிருந்தாலும் இன்று இதே நன்றியோடுதான் உங்கள் முன்னால் நின்றிருப்பேன்.

நம் கூட்டத்தில் என் வயதுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். தப்பைப் பண்ணிவிட்டு எந்த முகத்தோடு செபிக்கப் போவது என்று உங்களில் யாராவது தயங்கிக்கொண்டிருக்கலாம். முகத்தைச் சரிசெய்துகொண்டு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் இருந்தபடியேதான் போனேன். கேட்கக்கூடாததை எல்லாம் ஒன்பது நாள் கேட்டேன். அதற்குப் பிறகும் அவர் எனக்குப் பதில் சொன்னார்.