கர்லியூ பார்க்கப் போன வேன்

நாகையா வாரநாள்களில் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கு வேனில் ஆள் ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலா. அவர் போட்ட திட்டத்தில் யாரும் பசியோடு வீடு திரும்பியதில்லை. கோயில் பார்க்கப் போன ஒரு குடும்பம், கோயிலைத் தவிர வழியில் இருந்த எல்லாவற்றையும் தின்றுவிட்டு வந்தது.

அவரிடம்தான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் மார்க்கிரட், பறவை பார்க்க வேண்டும் என்று வந்தார். ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி. அடுத்த வாரம் மகள் நிலானியிடம் டொரொண்டோவுக்குப் போகிறார், ஒரேயடியாக. சைபீரியாவிலிருந்து வந்து நம் கடலோரச் சேற்றில் குளிர்காலத்தைக் கழிக்கும் கர்லியூ பறவைகளும் அதே வாரம்தான் கிளம்பும். நீண்டு வளைந்த அந்த அலகை அவர் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார். போகுமுன் ஒன்றையாவது கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும்.

நாகையா திட்டத்தை ஒப்பித்தார். "காலைல இங்கயே தோசை. கிள்ளான்ல நண்டு. அப்புறம் காஜாங்ல குச்சியில சுட்ட சாத்தே. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல நிலானிக்கு உடுத்த ஒரு பாத்தேக் சாரோங்."

"பறவை எங்கயப்பா?"

"நடுவுல இருக்கு லா, ஆன்டி."

"தண்ணி ஏறுற நேரம்தான் அதுகள் கரைக்கு வரும். விடிய முதல் அங்க நிக்க வேணும்."

தோசையைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு இருட்டோடு புறப்பட்டார்கள். கிள்ளானைத் தாண்டியதும் பனிக்குள்ளிருந்து ஒரு கருடன் மிதந்து வந்தது. நாகையா வேனை ஓரம் கட்டினார், இறங்கினார், செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருடனைக் கும்பிடாமல் அவர் வண்டி நகராது. கடலோரமோ கருடனுக்குத் தாய்வீடு. நாட்டிலுள்ள கருடன்கள் எல்லாம் அன்று அந்தச் சாலையில்தான் மாநாடு போட்டன என்றால், நான் குறைத்துச் சொல்கிறேன்.

"இன்னும் ஒண்டோ? வண்டியை எடப்பா!"

"சாமி ஆன்டி! பாத்துட்டு பாக்காத மாதிரி போக முடியுமா?"

போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. வெகுதொலைவில், சேற்றின் விளிம்பில், மிளகு சிந்தியதுபோல் சில புள்ளிகள். மார்க்கிரட் தொலைநோக்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நாகையாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சாயந்தரம் திரும்ப ஏறும்ல, ஆன்டி?"

"ஏறும். உன்ர நண்டு?"

"அது எங்க பறந்து போயிடப் போகுது? இருப்போம் லா."

அலையாத்தி மர நிழலில் ஆறிய தோசையைத் தின்றார்கள். பிறகு தூங்கினார்கள். மார்க்கிரட்டின் கனவில் ஆஸ்பத்திரி வார்டுக்குள் கடல் புகுந்தது. கட்டிலுக்குக் கட்டில் பறவைகள் போர்வை போர்த்திப் படுத்திருந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் காய்ச்சல் பார்த்துக்கொண்டே போனார்.

விழித்தபோது வெயில் தேன்நிறமாகியிருந்தது. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. சத்தமே இல்லாமல் கடல் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால், அவசரமில்லாமல், கர்லியூக்கள் நடந்து வந்தன. ஒன்றின் அலகு நுனியில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது.

"மூச்சு விடாத, தம்பி," என்றார் மார்க்கிரட்.

நாகையா விடவில்லை. அடுத்த மூச்சை அவர் திரும்பும் வழியில் கிள்ளான் பாலத்தில்தான் விட்டார்.